நான் முதலில் கை தூக்கிய பரிசோதனை

பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியாளர்களுக்குப் போதைப்பொருள் பரிசோதனை கட்டாயமா, இல்லையா?

‘கட்டாயம்’ என்று முதலில் கை தூக்கியது நான்தான். போன மாதம், ஈப்போ புந்தோங்கில், எங்கள் பிள்ளைகள் சேர்ந்திருக்கும் ஓட்டக் கழகத்தின் பெற்றோர் கூட்டத்தில். தலைவர் நடேசன் அண்ணன் கேள்வியை முழுசாகக் கேட்டு முடிக்கக்கூட இல்லை... என் கை மேலே போய்விட்டது.

பக்கத்து நாற்காலி அம்மாக்கள் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். ஞாயிறுதோறும் பேப்பரில் எழுதுகிறவள் அல்லவா? சமூக அக்கறை என்று நினைத்திருப்பார்கள்.

அக்கறையாவது மண்ணாவது. பொறாமை ஐயா, சுத்தமான பொறாமை!

என் மகள் கீர்த்தனாவுக்குப் பதினான்கு வயது. எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள். நன்றாகவே ஓடுகிறாள். பிரச்சினை ஓட்டத்தில் இல்லை. ஓட வைக்கிறவளிடம் இருக்கிறது.

அவள் பெயர் கோமளா. கோச் கோமளா. சுங்காய் ஊர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். முன்பு ரப்பர், இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. அப்பா அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். இவள் ஈப்போவில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள். காலையில் ஒரு பள்ளியில் தற்காலிக உடற்கல்வி ஆசிரியை, மாலையில் எங்கள் பிள்ளைகளுக்குக் கோச். முப்பது வயது. பார்க்க லட்சணமாக வேறு இருப்பாள். லட்சணத்துக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? பொறாமை வந்துவிட்டால் எல்லாமே கணக்கில் சேரும்.

(‘அவர்’ என்று எழுதலாமே என்பீர்கள். எழுதிப் பார்த்தேன். இந்த விஷயத்தில் எனக்கு ‘அவள்’தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மூன்று வருடம் தொண்டை கிழியக் கத்தியும் காலையில் எழாத பெண், கோமளா வந்த பிறகு அலாரத்துக்கு முன்னால் எழுகிறாள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கைப்பேசியைத் தானாக அணைத்து வைக்கிறாள். நான் ஆசை ஆசையாக வளர்த்த கூந்தலை, ஓடும்போது இடைஞ்சல் என்று ஒரே நாளில் வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். யார் மாதிரி? கோமளா மாதிரி.

அதுகூடப் பரவாயில்லை. போன வருடம் கீர்த்தனாவுக்குக் கடும் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டு, அலுவலகத்துக்கு லீவு போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது யார்? பெற்றவள். கண்ணைத் திறக்காமலே என் மகள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

“ம்மா... கோச்கிட்ட சொல்லிட்டியா?”

தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். வயிறு எரியுமா, எரியாதா?

சரி, கூட்டத்துக்கு வருவோம். வேறு ஏதோ ஒரு மாநிலத்தில் யாரோ ஒரு பயிற்சியாளர் போதைப்பொருள் விவகாரத்தில் மாட்டிக்கொண்டதாக ஒரு வாட்ஸ்அப் செய்தி. உண்மையோ பொய்யோ, நடேசன் அண்ணன் அதைக் கூட்டத்தில் படித்துக் காட்டினார். “நம்ப பிள்ளைங்கள நம்பி விடுறோம்லா. கோச்சுங்க எல்லாருக்கும் ஒரு டெஸ்ட் வச்சா என்ன?” என்றார்.

கழகத்தில் மூன்று கோச்சுகள். மற்ற இருவர் ஆண்கள், வாரக் கடைசியில் மட்டும் வருகிறவர்கள். ஒரு அப்பா எழுந்து, “நல்லா சொல்லிக் குடுக்குற பிள்ளைகிட்ட போயி, மூத்திரம் பிடிச்சுக் குடுன்னு கப்ப நீட்டுறதா? அசிங்கமா இல்ல?” என்றார்.

விடுவேனா? எழுந்தேன். லாரி ஓட்டுகிறவருக்குப் பரிசோதனை உண்டு, பஸ் ஓட்டுகிறவருக்கு உண்டு, பிள்ளைகளை ஓட்டுகிறவருக்கு வேண்டாமா என்று கேட்டேன். கைத்தட்டல்! கைத்தட்டல் கேட்டால் எழுதுகிறவர்களுக்கு நாக்கு நீளும். எனக்கும் நீண்டது. “பாசிட்டிவ்னு வந்தா அன்னைக்கே நிறுத்திரணும். விசாரணையெல்லாம் அப்புறம். பிள்ளைங்க விஷயத்துல ரிஸ்க் எடுக்கக் கூடாது” என்று ஒரு விதியையும் சேர்த்தேன். அதற்கும் கைத்தட்டல். தேதி யாருக்கும் தெரியக் கூடாது, தலைவருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும் என்றும் முடிவாயிற்று.

கோமளா பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். எதிர்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். அவளோ, “எடுத்துக்கலாம் அண்ணே. எனக்கு ஒண்ணும் இல்ல” என்றாள். அவ்வளவுதான். அந்த நிதானம் இருக்கிறதே, அதற்கும் ஒரு பரிசோதனை வைத்திருப்பேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது கார் ஓட்டியது என் கணவர் சேகர். அவர் லாரி ஓட்டுகிறவர். நெடுஞ்சாலையில் போலீஸ் நிறுத்தி, கப்பைக் கையில் கொடுப்பது அவருக்குப் பழகிப்போன விஷயம். சமிக்ஞை விளக்கில் நின்றபோது சொன்னார்.

“டெஸ்ட் வைக்கிறது தப்பில்ல, விஜயா. ரிசல்ட் வந்தவுடனே வாயத் திறக்கிறதுதான் தப்பு. எத்தன டிரைவர் கதைய பாத்திருக்கேன் தெரியுமா?”

தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

கூட்டம் நடந்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். கீர்த்தனா ஒரு நாள் என் பக்கத்தில் வந்து குழைந்தாள். என்னிடம் ஏதாவது வேண்டும் என்றால்தான் இப்போதெல்லாம் அந்தக் குழைவு.

“ம்மா, ஞாயித்துக்கெழம கோச்ச சாப்பிடக் கூப்பிடலாமா? பாவம்மா, கடையில மீகோரேங் தப்பாவ் பண்ணி, ரூமுக்குக் கட்டிட்டுப் போயி தனியா சாப்பிடுறாங்க.”

முதலில் முடியாது என்று சொல்ல வந்தேன். அப்புறம் ஒரு யோசனை. கோமளாவால் என் மகளை ஓட வைக்க முடியும். என்னைப்போல் ஆட்டுக்கறிக் குருமா வைக்க முடியுமா? என் குருமா எங்கள் வட்டாரத்தில் பிரசித்தம். ஒரு வாய் உள்ளே போனால், எந்தக் கோச்சாக இருந்தாலும் என் வீட்டில் தலைகுனிந்துதான் சாப்பிட வேண்டும். வரட்டும். என் இடத்தில் வந்து விளையாடட்டும்.

சனிக்கிழமை சந்தையில் கறி வாங்கும்போதே கீர்த்தனா ஒரு குண்டைப் போட்டாள். கோச் தேங்காய்ப்பால் அதிகம் சேர்ப்பதில்லையாம்.

தேங்காய் இல்லாமல் குருமாவா? சமைக்கிறவர்களுக்குத் தெரியும், தேங்காயைக் குறைத்தால் குழம்பு நீர்த்துப் போகும். அதைக் கெட்டியாக்க ஒரே வழி — கசகசா. வழக்கமாக ஒரு சின்னக் கரண்டி போடுவேன். அன்று தேங்காய் விட்ட இடத்தையெல்லாம் கசகசாவால் நிரப்பினேன். கை நிறைய அள்ளி, ஊறவைத்து, முந்திரியோடு வெண்ணெய் மாதிரி அரைத்தேன். குருமா வெள்ளையாக, திக்காக, பார்த்தாலே நாக்கில் எச்சில் ஊறும்படி வந்தது. என் வாழ்நாளில் வைத்த குருமாக்களில் அதுதான் உச்சம் என்று கூசாமல் சொல்வேன்.

கோமளா வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சாப்பிட்டாள். எப்படிச் சாப்பிட்டாள் தெரியுமா? முதல் முறை சோற்றோடு. இரண்டாம் முறை குருமாவை மட்டும். மூன்றாம் முறை, “அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க” என்று கிண்ணத்தை அவளே எட்டி எடுத்தாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து என் மகள், எனக்கு என்றுமே எதுவுமே எடுத்துப் போடாத என் மகள், தன் தட்டில் இருந்த நல்லியை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருந்தாலும் விருந்தாளி விருந்தாளிதான். போகும்போது ஒரு டப்பா நிறையக் குருமா கட்டிக் கொடுத்தேன். “காலைக்கும் ஆச்சு அக்கா” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை, முன்னறிவிப்பு இல்லாமல், நடேசன் அண்ணன் மூன்று கோச்சுகளையும் கிளினிக்குக்கு வரச் சொல்லிவிட்டார்.

மதியம் எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய செய்தி வந்தது. காலையில் யாரோ போட்ட பிள்ளையார் படத்துக்கும், யாருடைய மகளுக்கோ பிறந்தநாள் வாழ்த்துக்கும் கீழே. ‘கோச் கோமளா — பாசிட்டிவ். மோர்ஃபின். கழக விதிப்படி இன்று முதல் நிறுத்தம்.’

முதலில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? ஒளிக்காமல் சொல்கிறேன். சந்தோஷம் வந்தது. உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஒரு சந்தோஷம். பார்த்தாயா, நான் சொன்னேனா, என்று யாரிடமாவது கத்த வேண்டும்போல் இருந்தது.

அதற்குள் குழுவில் மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. “அப்பவே நெனச்சேன், கண்ணு ஒரு மாதிரியாத்தான் இருக்கும்” என்று ஒருவர். “தோட்டத்துப் பிள்ளதான, பழக்கம் எங்க போகும்?” என்று இன்னொருவர். சொன்னவரின் அப்பாவும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்தான். என் அப்பாவும்தான். அந்தக் குழுவில் இருக்கும் யாருடைய அப்பா வெட்டவில்லை? கும்பிடு போடும் கை, அழும் முகம், கோபமான முகம்... பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. யாரோ அதை வேறு குழுவுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

நானும் ஏதோ எழுதப் போனேன். விரல் அந்தச் சொல்லில் போய் நின்றது. மோர்ஃபின்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தங்கைக்குத் தீபாவளிதோறும் குருமா மசாலா அரைத்துக் கொடுத்து அனுப்புவேன். ஒவ்வொரு முறையும் போனில் அதே பாட்டுதான். “அக்கா, கசகசா மட்டும் சேத்துராத. இங்க அதுக்குத் தடை. அபின் செடியோட வெதை. கஸ்டம்ஸ்ல மாட்டுனா என் கதி அவ்ளோதான்.” நானும் சலித்துக்கொண்டே கசகசா இல்லாமல் அரைப்பேன்.

அபின் செடி. மோர்ஃபின். கை நிறைய அள்ளிப் போட்டேனே...

போய்க் கசகசா டப்பாவைத் திறந்து பார்த்தேன்.

அது அந்தச் செடியின் விதை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் குருமாவுக்குள் போய்விட்டால் அது வெறும் குருமாதானே என்று இருந்துவிட்டேன். நம் வீட்டில் எத்தனை பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

உடனே குழுவில் எழுதியிருக்க வேண்டும். எழுதினேனா? இல்லை. ஏன் என்று கேட்டால்... அன்று சாயந்தரம் என் மகள் எனக்குக் கிடைத்தாள்.

பயிற்சி இல்லை என்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேராக வந்து என் மடியில் படுத்துக்கொண்டாள். அழுதாள். வெட்டிய முடியைக் கோதிக்கொடுத்தேன். சோறு பிசைந்து ஊட்டினேன், வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். எத்தனை காலமாயிற்று! அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சொர்க்கம். எவள் பெயர் கெட்டால் என்ன, என் பிள்ளை என் மடியில் இருக்கிறாள் என்று ஒரு நினைப்பு. கேவலம்தான். ஆனால் இருந்தது.

அப்போது கீர்த்தனா தலையைத் தூக்கினாள்.

“ம்மா, நீ நம்புறியா?”

நான் அடுத்த கவளத்தைப் பிசைந்தேன்.

“நீதான் பேப்பர்ல எழுதுறல்ல? கோச் அப்படி இல்லன்னு எழுதும்மா. நீ எழுதுனா எல்லாரும் நம்புவாங்க.”

என் எழுத்தை இந்தப் பெண் இதுவரை ஒரு வரி படித்ததில்லை. அந்த எழுத்தின்மேல் அவளுக்கு இருக்கும் நம்பிக்கையைப் பாருங்கள். அதற்குமேல் அந்தச் சொர்க்கத்தில் என்னால் உட்கார முடியவில்லை.

சமையலறையில் சேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார்.

“டாக்டர்கிட்ட போயி குருமான்னு சொன்னா நம்புவாங்களா?”

“சொன்னா நம்ப மாட்டாங்க. மிச்சக் குருமாவ நானே சாப்பிட்டு, என் கப்புலயே காட்டுறேன்” என்றேன்.

“உனக்கென்ன பைத்தியமா? தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில கொண்டு போயி விடவா?”

“அதுக்கு முன்னாடி கிளினிக்ல விடுங்க.”

அன்று ராத்திரியும் மறுநாள் காலையும் மிச்சக் குருமா முழுவதும் எனக்குத்தான். தோசை, குருமா. மறுபடியும் தோசை, குருமா. என் சமையல் எனக்கே திகட்டியது அன்றுதான்.

கோமளா போன அதே கிளினிக்கில் தாதி கேட்டாள். “எதுக்கு டெஸ்ட்? வேலைக்கா, லைசென்சுக்கா?”

“குருமாவுக்கு.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு கப்பைக் கொடுத்தாள். கழிப்பறைக் கதவைத் தாழிடக் கூடாதாம். வெளியே அவள் நிற்கிறாள். உள்ளே நான், கையில் கப்பு. கூட்டத்தில் எழுந்து நின்று பேசும்போது இந்தக் கதவைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் நினைத்துப் பார்க்கவில்லை. இதற்குள் நேற்று அந்தப் பெண் நின்றிருக்கிறாள், ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்று நம்பிக்கொண்டு.

டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா. பரிசோதனைப் பட்டையைக் காட்டினார். இரண்டு கோடு விழுந்தால் ஒன்றும் இல்லையாம். எனக்கு ஒரு கோடுதான் விழுந்தது. பாசிட்டிவ்! கைதட்டாத குறை.

கசகசா கதையைச் சொன்னேன். “கஸ்-கஸ்?” என்று கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எவ்வளவு போட்டேன் என்று கேட்டார். உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன். சிரிக்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டார். இந்தப் பட்டை வெறும் முதல் சல்லடைதான், இதை வைத்து ஒருவரை முடிவு கட்டக் கூடாது, என்ன சாப்பிட்டார் என்று விசாரிக்க வேண்டும், சில நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும் என்றார். இதையெல்லாம் நேற்றே தலைவரிடம் சொன்னாராம். ‘எங்கள் விதியில் அன்றைக்கே நிறுத்த வேண்டும் என்று இருக்கிறது’ என்றாராம் அவர்.

யார் போட்ட விதி? உங்கள் அபிமான பத்தி எழுத்தாளர் போட்டது.

கிளினிக் வாசலிலேயே நின்று அந்தப் பட்டையின் படத்தைக் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: ‘விஜயா. பாசிட்டிவ். மோர்ஃபின். காரணம் என் வீட்டுக் குருமாவில் நான் போட்ட கசகசா. அதே குருமாவைத்தான் கோச் கோமளா ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிட்டார்.’

நேற்று மழை கொட்டிய குழுவில் ஒரு சொட்டு இல்லை. எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று நீலக் குறி காட்டுகிறது. ஒருவரும் மூச்சு விடவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு புண்ணியவான் யாரோ ஒருவருக்கு ‘பிலேட்டட் ஹேப்பி பர்த்டே’ போட்டார்.

நடேசன் அண்ணன்தான் போனில் வந்தார். “ஏன்மா, எங்கிட்ட தனியா சொல்லிருக்கலாம்லா? குரூப்ல போயி போடுறதா? மானம் போகுதுமா.”

“அந்தப் பிள்ள மானத்த எங்க வச்சு வாங்குனமோ, அங்கதான் அண்ணே திருப்பிக் குடுக்கணும்.”

சாயந்தரம் திடலுக்குப் போனேன். கோமளா அங்கேதான் இருந்தாள். உள்ளே வரக் கூடாது என்று தடை போட்டிருக்கிறோம் அல்லவா? வேலிக்கு வெளியே, ரோட்டோரச் சாக்கடை, அந்த லோங்காங் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே பிள்ளைகள் தாங்களாகவே ஓடிக்கொண்டிருந்தார்கள். இவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “கையக் கீழ போடு, கீர்த்து! தோள தூக்காத!” என்று கத்தினாள். என் மகள் உடனே கையைக் கீழே போட்டாள். அந்த நிலைமையிலும் எனக்குச் சுருக்கென்றது.

போய் நின்று சொன்னேன். குருமா, கசகசா, கப்பு, எல்லாம். அவள் அந்த லோங்காங் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ராத்திரி பூரா யோசிச்சேன்கா. தலவலி மாத்திரையா, யாராச்சும் தண்ணியில ஏதும் கலந்துட்டாங்களான்னு... குருமாவ நெனைக்கவே இல்ல. திங்கக்கெழம காலையிலகூட ரொட்டியில தொட்டுச் சாப்பிட்டுத்தான் போனேன். டப்பாவ வழிச்சு.”

“அந்த ரூல போட்டதும் நான்தான்.”

“தெரியும்கா. நானும் அங்கதான நின்னேன்.”

“தெரிஞ்சுமா சாப்பிட வந்தீங்க?”

“கீர்த்தனா கூப்பிட்டா” என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. “ஊருல அப்பாவுக்குத் தெரிஞ்சிருச்சுக்கா. யாரோ போன்ல காட்டிட்டாங்க. ‘என்னம்மா இது’ன்னு கேட்டாரு. என்ன சொல்றதுன்னு தெரியாம வச்சிட்டேன். ஸ்கூல்லயும் நாளைக்கு வந்து பேசச் சொல்லிருக்காங்க.”

அங்கேயே அவள் அப்பாவுக்குப் போன் போடச் சொன்னேன்.

“ஐயா, நான் ஈப்போவுல இருந்து பேசுறேன். உங்க மக மேல ஒரு தப்பும் இல்ல. தப்பெல்லாம் என் குருமா மேல.”

“கொஞ்சம் இருங்கம்மா” என்றார் அவர். “இத எங்க பக்கத்து வீட்டுலயும் சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க.”

சொன்னேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னேன். அதற்கும் அடுத்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரிடமும் சொன்னேன். முகம் தெரியாத ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு, ரோட்டோரம் நின்று, கசகசாவை எப்படி ஊறவைத்து அரைத்தேன் என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்கினேன். கெட்ட செய்தி ஒரு விரல் தட்டலில் போய்ச் சேர்ந்த இடத்துக்கு, நல்ல செய்தியை இப்படி வீடு வீடாகத்தான் கொண்டு போக வேண்டியிருக்கிறது.

மறுநாள் அந்தப் பள்ளிக்கும் போனேன். ஒரு வாரம் கழித்துக் கோமளாவுக்கு மறுபடி பரிசோதனை. சுத்தம். ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பி எல்லாவற்றையும் உறுதி செய்தார்கள். கழகம் அவளைத் திரும்ப அழைத்தது. ‘கண்ணு ஒரு மாதிரி’ என்று எழுதியவர் மட்டும் இன்றுவரை ஒரு வரி மன்னிப்பு எழுதவில்லை. அவருடைய மகனுக்கும் அவள்தான் தினமும் சொல்லிக் கொடுக்கிறாள்.

சரி, முதல் கேள்விக்கு என் பதில் என்ன? இப்போதும் ‘வேண்டும்’ என்றுதான் சொல்வேன். பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கிறோம், பரிசோதிப்பதில் தவறில்லை. ஆனால் முடிவு முதலில் சம்பந்தப்பட்டவர் காதுக்குப் போகட்டும். என்ன சாப்பிட்டாய், என்ன மருந்து குடித்தாய் என்று ஒருவர் உட்கார்ந்து கேட்கட்டும். இரண்டாவது பரிசோதனை வரும்வரை பெரியவர்கள் எல்லாரும் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கட்டும். முடியுமா நம்மால்? அதோடு, இந்த மாதிரிக் கூட்டங்களில் ரொம்ப வேகமாகக் கை தூக்குகிறவர்கள் யார், அவர்களுக்கு வீட்டில் என்ன பிரச்சினை என்பதையும் ஒருவர் பார்த்தால் நல்லது.

கீர்த்தனாவிடம் எல்லாவற்றையும் அந்தச் செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டேன். விதி போட்டது, முதலில் சந்தோஷப்பட்டது, ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு மடியில் வைத்திருந்தது, எல்லாம். அன்றோடு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு தானே போட்டுக்கொள்வாள். கேட்டால் தலையாட்டுவாள். அவ்வளவுதான். இந்த மௌனத்துக்குக் காய்ச்சலில் கோச் பெயரைச் சொன்னதே எவ்வளவோ மேல் என்று ஆகிவிட்டது எனக்கு.

நேற்றுத்தான், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு சட்டையை எடுத்து மடித்தாள்.

“கோச் உங்கிட்ட பேசச் சொன்னாங்க.”

பழைய எரிச்சல் குப்பென்று ஏறியது. என் மகள் என்னோடு பேசுவதற்கும் அந்தப் பெண்தான் உத்தரவு போட வேண்டுமா? “ஓ... அவங்க சொன்னாத்தான் பேசுவியோ?” என்றேன்.

கீர்த்தனா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அவங்க போன வாரமே சொல்லிட்டாங்க. எனக்கு இன்னைக்குத்தான் பேசணும்னு தோணுச்சு.”

ஒரு வாரம்! என் மகள் முழுசாக ஒரு வாரம் கோச் பேச்சைக் கேட்கவில்லையாம்... எனக்கு வந்த சந்தோஷத்தை நான் எங்கே போய்ச் சொல்வேன்?